இருபத்துமூன்றாம் தகடு

9

வெங்கடாசலத்தின் மண்டையை உடைத்தது அவருடைய சொந்தச் சுத்தியல். சுரங்கத்தில் கல்லைத் தட்டிப் பார்ப்பதற்காக வைத்திருந்ததை ஆஸ்திரேலியாவிலிருந்து கொண்டுவந்து, விம்பிள்டன் வீட்டின் எழுத்தறைச் சுவரில் பதினேழு வருடம் அழகுக்கு மாட்டியிருந்தார். கொன்றவன் மூன்று முறை அடித்திருந்தான். முதல் அடியிலேயே உயிர் போய்விட்டது என்றார் டாக்டர். மற்ற இரண்டும் கோபத்துக்கு.

சுத்தியலின் பிடியில் இருந்த கைரேகை, மேல்மாடியில் மனைவி கலாவதியோடு குடியிருந்த கிறிஸ்துராஜாவுடையது. ஆணி கழன்று விழுந்த சுத்தியலை அதற்கு முந்தின வாரம்தான் அவன் திரும்ப மாட்டிக் கொடுத்திருந்தான். பொலிஸ் அதை நம்பவில்லை. திங்கட்கிழமை கோர்ட். குற்றவாளி என்று தீர்ந்தால் சிறை. சிறை முடிந்தால் கொழும்புக்கு விமானம். அங்கே இறங்கினால் என்ன நடக்கும் என்று பியற்றிசுக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. அவளுடைய கணவன் எண்பத்தாறில் அங்கே ஒரு ஜீப்பில் ஏற்றப்பட்டவன். இன்னும் இறங்கவில்லை.

பியற்றிஸ் லண்டன் கோர்ட்டுகளில் தமிழுக்கும் ஆங்கிலத்துக்கும் மொழிபெயர்ப்பாளர். ஒரே பொய்யை இரண்டு மொழியில் கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது கூர்மையாகிவிட்டது. அதனால் சனம் வழக்கு விசாரிக்கவும் அவளைத் தேடி வந்தது. கலாவதியும் வந்தாள். கதிரையில் உட்கார்ந்து, கணவனுடைய குளிர்ச் சட்டையை மடியில் வைத்து மடித்துக்கொண்டே இருந்தாள்.

அன்று சனிக்கிழமை, தொண்ணூற்றொன்று டிசம்பர் பதினான்கு. வெங்கடாசலத்தின் பதினாறாம் நாள். உடலைப் பொலிஸ் இன்னும் கொடுக்கவில்லை. படத்துக்கு மாலை போட்டுக் காரியம் நடந்தது.

வாசலில், வந்தவர்கள் காலிலிருந்து கழற்றிய சப்பாத்துகள் குவிந்து கிடந்தன. அவற்றைத் தாண்டிக் கால் வைக்க இடம் தேடினான் யோகராஜா. பக்கத்தில் மிச்சம் என்ற ஊரில் மினிகாப், அதாவது வாடகைக் கார், ஓட்டுகிறவன். பியற்றிசுக்குக் காரும் கையும் அவன்தான். வாயையும் அவள் கேட்காமலேயே கொடுத்துவிடுவான்.

"அக்கா, முப்பது சோடி கிடக்கு. போகேக்க நல்ல சோடியாப் பாத்து மாத்திக் கொழுவினா ஆருக்கும் தெரியாது."

"முதல்ல உமக்கு அளவான மூளை ஒண்டைத் தேடும்."

"அதை ஆரும் வாசல்ல கழட்டி வைக்கேல்லையே அக்கா."

உள்ளே வெங்கடாசலத்தின் மனைவி நீலவேணி படத்தின் முன்னால் இருந்தாள். குசினியில் கலாவதி காய் வெட்டிக்கொண்டிருந்தாள். கொலையுண்டவரின் மனைவியும் கொன்றவன் என்று சொல்லப்பட்டவனின் மனைவியும் பதினாறு நாளாக ஒரே அடுப்பில் சமைத்தார்கள். ஒருத்தி முடித்து வெளியே வந்த பிறகுதான் மற்றவள் உள்ளே போவாள். ஒரு சொல் பேசிக்கொள்ளவில்லை.

காரியத்தை ஓடியாடிக் கவனித்தவர் ஜம்புநாதன். வெங்கடாசலத்தின் பழைய நண்பர், அவரைப் போலவே மலேசியாவின் ஈப்போவில் பிறந்தவர். ஐம்பத்தெட்டு வயது, வெள்ளைச் சட்டை, தணிந்த குரல்.

"போலீஸ்தான் ஆளைப் பிடிச்சிட்டாங்களே அம்மா. நீங்க இன்னும் என்னத்தத் தேடுறீங்க?"

"உங்கட கூட்டாளி எழுதின புத்தகத்தின்ட கடைசி அத்தியாயத்தை."

வெங்கடாசலம் ஒரு ஊரின் வரலாற்றை எழுதிக்கொண்டிருந்தார். ஆஸ்திரேலியாவின் நட்டநடுப் பொட்டலில் கில்பரூ என்று ஒரு ஊர். ஒட்டகம் ஓட்டி வந்தவன் ஒருவன் 1887இல் அங்கே பச்சைக் கல்லொன்றைக் காலால் இடறினான், செம்பு. பத்து வருடத்தில் நாலாயிரம் பேர், மூன்று ஹோட்டல், ஒரு ரயில், ஒரு பாண்டு வாத்தியக் குழு. பிறகு செம்பு மெலிந்தது, சனமும் மெலிந்தது. இப்போது ஒன்பது பேர், ஒரு பெற்றோல் பம்ப், ஒரு இடுகாடு. வெங்கடாசலம் அங்கே எழுபதுகளில் சுரங்க சர்வேயராக வேலை செய்தவர். பதினோரு அத்தியாயம் டைப் அடித்து மேசையில் இருந்தது. பன்னிரண்டாவதை, '1974: நான்காம் சுரங்கம்' என்று தலைப்புப் போட்டிருந்ததை, யாரோ எடுத்துவிட்டார்கள்.

"வாடகைக்கு இருந்த பொடியனுக்கு ஆஸ்திரேலியாவில செத்தவையின்ட கதை என்னத்துக்கு?" என்று கேட்டாள் பியற்றிஸ்.

"அது எனக்கென்னம்மா தெரியும்? நான் அந்த நாட்டுப் பக்கம் தலை வச்சுக்கூடப் படுத்ததில்ல." ஜம்புநாதன் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "வாழை இலை பத்தலன்னு ஐயர் சொல்றாரு. மிச்சம் ஊர்ல இருக்கிற கடைக்குப் போயிட்டு வந்துர்றேன்."

வாசலில் குனிந்து வலது சப்பாத்தை எடுத்தார். கவிழ்த்து, குதியைப் படியில் இரண்டு முறை தட்டினார். இடதையும் அப்படியே தட்டினார். பிறகுதான் காலை விட்டார்.

"அண்ணை, உள்ளுக்க ஆரும் வாடகைக்கு இருக்கினமோ?" என்றான் யோகராஜா. "சொன்னா கவுன்சிலால வந்து எழுப்புவினம்."

"கல்லு கில்லு கிடக்கும் தம்பி. பழக்கம்" என்று சிரித்துவிட்டுப் போனார்.

நீலவேணி பியற்றிஸின் கையில் சுவர்க் காலண்டரைக் கொடுத்தாள். டிசம்பர் முதலாம் தேதிக் கட்டத்தில் கணவரின் கையெழுத்து: டோனோவன். கீழே ஏர்ல்ஸ் கோர்ட்டில் ஒரு ஹோட்டலின் பெயர்.

"கில்பரூலருந்து ஒரு பெரியவர் வர்றாரு, புத்தகத்துக்குப் படம் எடுக்க ஏதோ கொண்டு வர்றாருன்னு சொன்னாரு அக்கா. அதுக்கு ரெண்டு நாள் முன்னாடி அவரே போயிட்டாரு. போலீஸ்ட்ட சொன்னேன். எழுதிக்கிட்டாங்க. அவ்வளவுதான்."

"கலாவதிட புருசன்தான் செய்தவன் எண்டு நினைக்கிறீங்களோ?"

நீலவேணி குசினிப் பக்கம் பார்த்தாள். "நெனைக்காம இருக்கணும்னுதான் பார்க்கிறேன்."

ஹோட்டலின் மூன்றாம் மாடியில் யோகராஜாதான் கதவைத் தட்டினான். கதவு திறந்தது. மண்வெட்டி அகலத்தில் ஒரு கை வெளியே வந்து அவன் தொண்டையைப் பிடித்து உள்ளே இழுத்தது. அடுத்த நிமிடம் அவன் முதுகு சுவரில் மோதி, கண்ணாடி ஒன்று விழுந்து நொறுங்கியது. எழுபது வயதிருக்கும் வெள்ளைக்காரர். சிவந்த கண், விஸ்கி மணம்.

"வெங்கட்டைக் கொன்றது உங்கள் ஆள்தானே! பேப்பரில் படித்தேன்!"

யோகராஜாவின் கால்கள் நிலத்தைத் தேடின. பியற்றிஸ் அவனை இழுக்கவில்லை. கிழவரின் காதருகே போய், கோர்ட்டில் பேசுகிற குரலில் ஆங்கிலத்தில் சொன்னாள்: "திருவாளர் டோனோவன், கொன்றவன் பன்னிரண்டாம் அத்தியாயத்தைக் கொண்டுபோய்விட்டான். அதில் என்ன இருந்தது என்று உயிரோடிருப்பவர்களில் சொல்லக்கூடியவர் நீங்கள் ஒருவர்தான்."

கை தளர்ந்தது. யோகராஜா சுவரோடு சரிந்து உட்கார்ந்தான்.

"அக்கா," என்றான் கரகரத்த குரலில், "அடுத்த முறை வேணுமெண்டா நான் பின்னால வாறன்."

டோனோவன் கட்டிலில் உட்கார்ந்து முகத்தைக் கையால் துடைத்தார். பிறகு சொன்னார். குரல் உயரவுமில்லை, நடுங்கவுமில்லை.

சுரங்கத்துக்குள் கூரை விழாமலிருக்கக் கல்லையே தூணாக விட்டுவிட்டுத்தான் தோண்டுவார்கள். கடைசிக் காலத்தில் கில்பரூவில் செம்பு மிஞ்சியிருந்தது அந்தத் தூண்களில் மட்டும். சர்வேயர் வெங்கட் வரைபடத்தில் சிவப்புக் கோடு போட்டு, இந்தத் தூண்களில் கை வைக்காதே என்று எழுதியிருந்தார். மார்ச் மாதம், மத்தியானச் சாப்பாட்டு நேரம், ஒரு தூணில் வெடி வெடித்தது. கூரை முழுவதும் உட்கார்ந்தது. நான்கு நாள் தோண்டினார்கள். இரண்டாம் நாள் டோனோவனின் தம்பி கிடைத்தான். முகம் இல்லை. இடுப்பு வார்தான் அடையாளம் சொன்னது. மூன்றாம் நாள் கிடைத்த இருவரைப் பிரித்தெடுக்க முடியாமல் ஒரே பெட்டியில் வைத்தார்கள்.

"மொத்தம் எத்தனை பேர்?"

டோனோவன் சட்டைப் பையிலிருந்து ஒரு துணி முடிச்சை அவிழ்த்தார். ஆறு பித்தளைத் தகடுகள். ஒவ்வொன்றும் ஒரு பெரிய நாணய அளவு, நடுவில் ஓர் எண், மேலே ஒரு துளை.

"கீழே இறங்குகிறவன் தன் தகட்டை வாசல் பலகையில் மாட்டிவிட்டு இறங்குவான். மேலே வந்ததும் எடுத்துக்கொண்டு போவான். பொழுதுபட்டும் பலகையில் தகடு தொங்கினால், ஆள் கீழேதான். அன்றைக்கு ஆறு தொங்கின. ஐந்து பேரை எடுத்தோம். ஆறாவது ஆளுக்கு மேலே ஒரு மலையே கிடந்தது. விட்டுவிட்டோம். நினைவுக் கல்லில் ஆறு பெயரும் இருக்கிறது." ஒரு தகட்டைத் தடவினார். எண் 23. "இவன் மனேஜர். வெங்கட்டின் நாட்டுக்காரன். பெயர் எங்கள் வாயில் நுழையவில்லை, ஜிம் என்றோம். வெடி வைத்தது தெரியாமல் உள்ளே இருந்தவர்களை எச்சரிக்கத்தான் ஓடினான் என்று வெங்கட் சொன்னான். நல்ல மனுஷன். வருஷத்துக்கு நாலு தடவை அந்தக் கல்லைக் கழுவுகிறேன்."

செத்துப்போன ஆறு பேரில் யாரைக் காப்பாற்ற ஒருவன் லண்டனில் சுத்தியல் எடுப்பான்? வழி அங்கேயே அடைத்துக்கொண்டது.

"வெங்கட்டின் படத்துக்கு முன்னால் ஒரு நிமிடம் நிற்க வேண்டும்" என்று எழுந்தார் டோனோவன். கட்டிலடியிலிருந்து பூட்சை எடுத்தார். கவிழ்த்து, குதியைத் தரையில் தட்டினார். இரண்டு முறை. மற்றதையும் எடுத்து இரண்டு முறை.

யோகராஜாவின் வாய் திறந்தது. முதல் தடவையாக அதிலிருந்து ஒன்றும் வரவில்லை.

"ஏன் தட்டுகிறீர்கள்?" என்று கேட்டாள் பியற்றிஸ்.

"சிலந்தி. முதுகில் சிவப்புக் கோடு. இருட்டான சப்பாத்தைக் கண்டால் குடியேறிவிடும். கடித்தால் ஒரு கிழமை படுக்கை. கில்பரூவில் ஒரு வருஷம் இருந்தவன் சாகும்வரை தட்டுவான்."

"லண்டனில் அந்தச் சிலந்தி இல்லையே."

"அது எனக்குத் தெரியும்," என்றார் டோனோவன். "கைக்குத் தெரியாது."

"அக்கா," என்றான் யோகராஜா மெதுவாக. "வாழை இலை வாங்கப் போனவர்."

ஹோட்டல் டெலிபோனில் இன்ஸ்பெக்டர் ஹேல் சலித்துக்கொண்டார். "சப்பாத்தைத் தட்டினார் என்று ஒருவரைக் கைது செய்யச் சொல்கிறீர்களா?"

"இல்லை. சாப்பிட வரச் சொல்கிறேன்."

மூன்று மணிக்குக் காரியம் முடிந்து ஆட்கள் கலையத் தொடங்கினார்கள். இன்ஸ்பெக்டர் குசினியில் இருந்தார். தன் கணவனைப் பிடித்துக்கொண்டு போனவருடைய தட்டில் கலாவதி வடை வைத்தாள். அவர் கையில் எடுத்ததைக் கடிக்க முடியாமல் வைத்திருந்தார். டோனோவன் எழுத்தறைக் கதவுக்குப் பின்னால்.

யோகராஜா வாசலிலிருந்து திரும்பி வந்தான்.

"வலது சப்பாத்து, பெருவிரல் முனையில. மற்றவன்ட சப்பாத்துக்குள்ள சாமான் வைக்கிறது இதுதான் முதல் தரம் அக்கா."

"அவர் தட்டாமக் காலை விட்டா?"

"அப்ப பெருவிரல் நோகும். எங்களுக்கு மானம் போகும்."

கிறிஸ்துராஜாவுக்குப் போவது மானமல்ல என்று இருவருக்கும் தெரியும்.

ஜம்புநாதன் நீலவேணியின் முன்னால் கை கூப்பினார். "தைரியமா இரும்மா. எது வேணும்னாலும் என்னைக் கூப்பிடு." வாசலுக்கு வந்தார். இடது சப்பாத்தை எடுத்தார். தட், தட். போட்டுக்கொண்டார். வலதை எடுத்தபோது யாரோ ஒரு பெண் "போயிட்டு வாறன் அண்ணை" என்றாள். அவளுக்குத் தலையாட்டியபடியே சப்பாத்தைக் கால்வரை கொண்டுபோனார். விரல் நுனி சப்பாத்துக்குள் நுழையப்போன நேரம் கை தானாகவே திரும்பி மேலே வந்தது. கவிழ்ந்தது.

தட்.

பித்தளைத் தகடு ஓட்டுத் தரையில் விழுந்து, உருண்டு, சுழன்று, மல்லாந்தது. 23.

வேறு யாராயிருந்தாலும் இது என்ன என்று கேட்டிருப்பார்கள். ஜம்புநாதன் கேட்கவில்லை. வெளிறிப்போய், தனக்குத்தானே சொல்வது போலச் சொன்னார்: "இது நான் பலகையிலேயே விட்டுட்டு வந்ததாச்சே."

"எந்தப் பலகையில ஐயா?" என்றாள் பியற்றிஸ்.

குசினி வாசலில் இன்ஸ்பெக்டர். "என்ன சொல்கிறார்?"

நான்கு வருடக் கோர்ட் பழக்கம். கூட்டாமல் குறைக்காமல் ஆங்கிலத்தில் சொன்னாள்: "'இது நான் பலகையிலேயே விட்டுவிட்டு வந்தது' என்கிறார்."

எழுத்தறைக் கதவு திறந்தது. டோனோவன் வெளியே வந்து, பதினேழு வருடமாகச் செத்துக் கிடக்கும் மனிதனைப் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார்.

"ஜிம்," என்றார். "போன மாதம்தானே உன் பெயரைக் கழுவினேன்."

ஜம்புநாதன் பாய்ந்தார். வாசல் பக்கமல்ல, படத்தின் பக்கம். எரிந்துகொண்டிருந்த குத்துவிளக்கைத் தண்டோடு பிடுங்கிச் சுழற்றினார். குறுக்கே நீட்டிய யோகராஜாவின் கையில் அது விழுந்தபோது எலும்பு முறிந்த சத்தம் எல்லோருக்கும் கேட்டது. சூடான எண்ணெய் சுவரில் தெறித்தது. கம்பளத்தில் பற்றிய திரியைக் கலாவதி வெறுங்காலால் மிதித்தாள். அடுத்த அடி டோனோவனின் தோளில். கிழவர் அசையவில்லை. விளக்கைப் பறித்து எறிந்து, ஜம்புநாதனைச் சப்பாத்துக் குவியலில் தள்ளி, மேலே ஏறி உட்கார்ந்து, முகத்தில் குத்தினார். பல் தெறித்தது. மறுபடியும் குத்தினார். பிறகு கழுத்தை நெரித்தார். இன்ஸ்பெக்டர் இரண்டு கையாலும் இழுத்துப் பார்த்தார். பாறையை இழுப்பது போலிருந்தது.

பியற்றிஸ் குனிந்தாள். டோனோவனைத் தடுக்காமல் விட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது அவளுக்கு. அந்த ஜீப்பை ஓட்டியவனின் கழுத்தை அவள் கனவில் எத்தனையோ முறை பிடித்திருக்கிறாள்.

"இவன் செத்தால் சிறைக்குள் இருக்கிறவன் வெளியே வரமாட்டான்," என்றாள். "உங்கள் தம்பியின் கல்லில் இவன் பெயரும் அப்படியே இருக்கும்."

டோனோவனின் விரல்கள் ஒவ்வொன்றாகப் பிரிந்தன.

ஜம்புநாதன் இரத்தத்தைத் துப்பினார். தமிழில்தான் பேசினார். ஒவ்வொரு வாக்கியத்தையும் பியற்றிஸ் இன்ஸ்பெக்டருக்கு மொழிபெயர்த்தாள்.

"சாப்பாட்டு நேரம். எல்லாரும் மேல வந்திருப்பாங்கன்னு நெனச்சுத் திரியைக் கொளுத்தினேன். பலகையைப் பார்க்கல. நான் வெளிய வந்ததும் பார்த்தேன். அஞ்சு தகடு தொங்குது. என்னோடது ஆறாவது. அந்த நிமிஷம் மலை இறங்கிடுச்சு. ஓடிட்டேன். வெங்கட்டுதான் என்னைக் கார்ல ஏத்தி ரயிலடியில விட்டான். ஊர்ல வெள்ளைக்காரன் அல்லாதவங்க நாங்க ரெண்டு பேர்தான். நீ அங்க இருந்ததே இல்ல, நானும் சொல்லமாட்டேன்னான். பதினேழு வருஷம் சொல்லல. கடைசியில புத்தகத்துல எழுதுறேன்னு நிக்கிறான். கெஞ்சினேன். கேக்கல."

மொழிபெயர்க்கும்போது பியற்றிஸின் குரல் ஓரிடத்தில் மட்டும் தடுக்கியது. 'கெஞ்சினேன்' என்ற இடத்தில்.

நீலவேணி எழுந்து வந்தாள். தன் கணவரும் பதினேழு வருடம் ஐந்து பிணங்களின் மேல் படுத்திருந்தார் என்று இப்போதுதான் கேட்கிறாள். ஆனால் அவள் பார்த்தது ஜம்புநாதனை.

"அவர் படத்துக்கு முன்னாடி இலை போட்டு உட்கார்ந்து சாப்பிட்டியே," என்றாள். "ரசம் வாங்கி ரெண்டாவது தரம் சாப்பிட்டியே."

அதை மொழிபெயர்க்கும்படி யாரும் கேட்கவில்லை.

ஜம்புநாதனின் கார் டிக்கியில் கையுறை இருந்தது. தோல் கையுறை, தையலுக்குள் வெங்கடாசலத்தின் இரத்தம். அத்தியாயம் கிடைக்கவில்லை, எரித்துவிட்டதாகச் சொன்னார்.

"எடுக்க வேண்டியதை எடுக்க மறந்தவர்," என்றாள் பியற்றிஸ் ஆஸ்பத்திரி வாங்கில் உட்கார்ந்தபடி. "மறக்க வேண்டியதை மறக்காமல் தட்டினார்."

யோகராஜா மாவுக்கட்டைத் தூக்கிப் பார்த்தான். "நல்லகாலம் வலது கை. கியர் மாத்த இடது இருக்கு. ஆனா அக்கா, இண்டைக்கு என்ர கழுத்தை ஒருத்தன் பிடிச்சவன், கையை ஒருத்தன் முறிச்சவன். ஓரிடமும் போகாம டெலிபோனில துப்பறிய ஏலாதோ?"

"ஏலாது. சப்பாத்துச் சத்தம் டெலிபோனில வராது."

திங்கட்கிழமை மத்தியானம் கிறிஸ்துராஜாவை விட்டார்கள். பொலிஸ் ஸ்டேசன் படியில் கலாவதி நின்றாள். ஒரு படி தள்ளி, யாரும் அழைக்காமலே வந்த நீலவேணி நின்றாள். உள்ளே போனபோது கழற்றி வாங்கிய சப்பாத்து நாடாக்களை ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டுத் திருப்பிக் கொடுத்திருந்தார்கள். அதைக் கையில் பிடித்தபடி, கழன்று விழும் சப்பாத்துகளை இழுத்து இழுத்து அவன் வெளியே வந்தான். வெளிச்சத்தைக் கண்டதும் நின்றான். மேற்கொண்டு நடக்க அவனுக்குத் தெரியவில்லை.

படியில் உட்கார வைத்தார்கள். கலாவதி பையைப் பிரித்து ஒரு நாடாவை எடுத்தாள். நுனி பிரிந்திருந்தது, துளையில் போகவில்லை. நீலவேணி பக்கத்தில் குந்தி மற்ற நாடாவை எடுத்தாள்.

"அந்தப் பக்கம் நீ கோரு," என்றாள். பதினெட்டு நாளில் முதல் சொல். "இந்தப் பக்கம் நான் பார்த்துக்கிறேன்."

பியற்றிஸ் தெருவின் மறுபக்கத்தில், யோகராஜாவின் காருக்கருகில் நின்றாள். ஏற்றிக்கொண்டு போன ஒருவன் திரும்பி இறங்கி வருவதை அவள் முதல் தடவையாகப் பார்க்கிறாள். நாடா கட்டி முடியும்வரை பார்த்துக்கொண்டு நின்றாள்.